பிரித்துத் தைக்க இடம் விட்ட துணிகள்

வீட்டில் தைத்த ரவிக்கை ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், பக்கவாட்டில் ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று தையல்கள் ஓடியிருக்கும். உடம்பை ஒட்டிய தையல் இன்றைய அளவுக்கு. மற்ற இரண்டும் வரப்போகும் நாட்களுக்கு. உடம்பு கொஞ்சம் போட்டால் முதல் தையலைப் பிரித்தால் போதும். இரண்டாவது தையல் பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்று எழுந்த பிறகு மூன்றாவது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் பிள்ளையின் காதுகுத்துக்கும் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

அம்மா தைத்த எல்லாவற்றிலும் அப்படி ஓர் இடம் விட்டிருந்தது. எனக்குப் பாவாடை, தங்கைக்குக் கவுன், தம்பிக்கு அரைக்கால் சட்டை, வீட்டுக்குத் தலையணை உறை என்று எதைத் தைத்தாலும், அது நாளைக்கு வேறொன்றாக மாறுவதற்குத் துணியை உள்ளே மடித்து வைத்துவிட்டுத்தான் மேல் தையல் போடுவாள். மதுரையை விட்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. அந்த வீட்டில் நான் விட்டுவந்தவற்றில் எதற்காக அதிகம் ஏங்குகிறேன் என்று கேட்டால், துணிக்குள் இருந்த அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் டக் பிடிப்பார்கள். என் பச்சைப் பாவாடை ஒன்றில் மூன்று டக் இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம், அம்மா வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பாதி பிளேடை விரலிடுக்கில் பிடித்து, ஒரு டக்கின் தையலை மட்டும் பிரிப்பாள். துணியில் பிளேடு படாது. நூலை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுத்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வரும். மடிப்புக்குள் இருந்த துணி அத்தனை நாள் வெயில் பார்க்காதது. அதனால் வெளுத்த பச்சைக்கு நடுவே கடையில் வாங்கிய அன்றைய பச்சை ஒரு பட்டையாக ஓடும். அது அப்படியே தெரிய அம்மா விடமாட்டாள். பட்டையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் ஜிக்ஜாக் லேஸ் வைத்து அடித்துக் கொடுத்தாள். பள்ளியில் எல்லோரும் அதைப் புதுப் பாவாடை என்றே நினைத்தார்கள். அடுத்த வருடம் இரண்டாவது டக். அதற்கடுத்த வருடம் இடுப்புப் பட்டி மாறியது. அதன் பிறகு அது தங்கையிடம் போனது, மறுபடியும் டக் பிடிக்கப்பட்டு.

மிஷின் கூடத்து ஜன்னலோரத்தில் இருந்தது. கால் மிஷின். இழுப்பறையில் பாபின்கள், துருப்பிடித்த ஊசிகள் குத்திய பஞ்சு, வெவ்வேறு சட்டைகளிலிருந்து வெட்டி எடுத்த பொத்தான்கள், பட்டையாகத் தேய்ந்த சாக்குக்கட்டி, மிஷின் எண்ணெய் டப்பா. சட்டையின் மாதிரியை முதலில் செய்தித்தாளில் வெட்டிக்கொள்வாள். அப்போதெல்லாம் தையல் தெரியாத பெண்ணைப் பார்ப்பதே அரிது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. ஹையர் முடித்தவர் தெருவில் ஒருவர் இருந்தால் அவர் வீட்டு முன்னறை சாயங்காலம் வகுப்பாகிவிடும். கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுத்தன. ஒரு மிஷினை நம்பிக் குடும்பம் ஓடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைகள் துணியை வீணாக்கத் தெரியாத கைகள்.

பருத்திச் சேலை ஒன்று எங்கள் வீட்டில் எத்தனை பிறவி எடுத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் வெளியே கட்டிப் போகிற சேலை. கொஞ்சம் வெளுத்ததும் வீட்டுச் சேலை. உட்காருமிடத்தில் இற்றதும், நல்ல பகுதி தாவணியாகவோ பாவாடையாகவோ மாறும். நன்றாக மெலிந்து வழவழவென்று ஆனதும் தூளி. பிறந்த குழந்தையின் மேல் புதுத்துணி போடும் வழக்கமில்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழந்துணிதான் அதன் முதல் ஆடை. அப்பாவின் பழைய வேட்டிக்குத் தனி வரிசை இருந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஈரமாக விரித்து அதன்மேல் வடகம் ஊற்றுவோம். கிழித்து உருட்டினால் விளக்குத்திரி. மிச்சமெல்லாம் அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் குப்பைக்குப் போகும்போது அதை இன்னதென்று அடையாளம் சொல்ல முடியாது. பருத்தி பழசாகப் பழசாக மிருதுவாகிறது, தண்ணீரை இன்னும் நன்றாகக் குடிக்கிறது. அதனால்தான் இத்தனை வேலைக்கும் ஆகிவந்தது. பாலியெஸ்டர் சேலை வந்த பிறகு இந்த வரிசை முதல் படியிலேயே நின்றுவிட்டது. அதைத் தூளி கட்டினால் பிள்ளைக்கு வியர்க்கும்; வடகம் ஊற்றினால் ஈரத்தை இழுக்காது. அது எவர்சில்வர் பாத்திரக்காரரிடம்தான் போயிற்று, ஒரு கிண்ணத்துக்கோ கரண்டிக்கோ.

பட்டுக்கு வேறு கணக்கு. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை. மூன்று நாடா ஓட, தறியில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்வார்கள். அம்மாச்சியின் அரக்குப் பட்டு மடிப்பு மடிப்பாக இற்றுப்போன பிறகும் கரை அசையவில்லை. தெருவில் பழைய பட்டு வாங்குகிறவர் வருவார். சரிகையை உருக்கினால் வெள்ளி கிடைக்கும் என்பதால் நல்ல விலையும் சொல்வார். அம்மா கொடுக்க மறுத்துவிட்டாள். "சரிகைக்குத்தான் அவன் காசு கொடுப்பான். அம்மாச்சி கட்டுன சேலைக்கு யாரு கொடுப்பா?" என்றாள். கரையை வெட்டியெடுத்து, புதிதாக வாங்கிய பச்சைப் பட்டுத் துணியில் பொருத்தி எனக்குப் பாவாடை தைத்தாள். இற்ற உடலில் தேறிய துண்டுகளில் தங்கைக்குச் சட்டை. ஒரு தீபாவளி முழுக்க அம்மாச்சியின் சேலையை நாங்கள் இரண்டு பேரும் பங்குபோட்டு உடுத்திக்கொண்டிருந்தோம்.

இப்போது கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் உட்புறத்தைப் பார்த்தால் மனது சோர்ந்துபோகிறது. ஓவர்லாக் மிஷின் தைத்துக்கொண்டே ஓரத்தை நறுக்கிவிடுகிறது. தையலுக்கு அப்பால் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட மிஞ்சுவதில்லை. அதன் காரணமும் புரிகிறது. ஓர் ஆடையின் செலவில் துணியின் பங்குதான் பெரிது. லட்சக்கணக்கில் வெட்டும் இடத்தில், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் மிச்சம் பிடித்தால் அது பெரும் பணம். ஆனால் அந்த அரை அங்குலத்தோடு ஆடையின் வருங்காலமும் நறுக்கப்பட்டுவிடுகிறது. பெருத்தால் விட்டுத் தைக்க முடியாது, வளர்ந்தால் இறக்கிவிட முடியாது, தங்கைக்கு ஏற்றபடி மாற்றவும் முடியாது. உடுத்துகிறவர் மாறவே மாட்டார் என்று முடிவு செய்து தைத்த உடை அது. மாறினால் வேறு வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு.

என் அலமாரியில் இப்போதும் அம்மா தைத்தவை இருக்கின்றன. அவற்றை நினைவுப் பொருளாக மடித்து வைக்க எனக்கு மனமில்லை. "பெட்டிக்குள்ள வச்சா பூச்சிதான் கட்டும். எடுத்துப் போடு" என்பாள் அம்மா. ஆகவே வாரநாட்களில் அலுவலகத்துக்கே போட்டுக்கொண்டு போகிறேன். கரை பொருத்திய அந்தப் பச்சைப் பாவாடை இப்போது ரவிக்கையாகியிருக்கிறது. வெறும் சாம்பல் நிறக் கைத்தறிச் சேலைக்கும் அது பொருந்துகிறது, கருநீலத்துக்கும் பொருந்துகிறது. தாவணிகள் துப்பட்டாவாகிவிட்டன. நீளம் இரண்டரை மீட்டர்தான். ஓரம் அடித்தால் வேலை முடிந்தது.

அதிகம் யோசித்தது அம்மாவின் சுங்குடிச் சேலைக்காக. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, உலர்ந்ததும் முடிச்சைப் பிரித்து எடுத்த புள்ளிகள் அதில் இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் முடிச்சு இருந்த இடம் பொட்டுப்போல் தெரியும். 2005ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சிட்டதுதான். அதில் புள்ளிகள் அளந்து வைத்தாற்போல் ஒன்றுபோல் இருக்கின்றன. அம்மாவின் சேலை நடுப்பகுதியில் இற்றுவிட்டிருந்தது. தையற்காரர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். "இதுல ரெண்டு குர்தா வரும்மா" என்றார். ஒன்று போதும் என்று சொன்னேன். முந்தானை முதுகுக்கும், கரை கீழ் ஓரத்துக்கும் வரும்படி வெட்டச் சொன்னேன். மிச்சத்தை இன்னும் வெட்டவில்லை. பக்கத்தில் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "இப்ப யாரும் இதைக் கேக்கறதில்லம்மா" என்றார்.

அந்தக் குர்தாவை ஜீன்ஸோடும் போடுகிறேன், வெள்ளைச் சுடிதாரோடும் போடுகிறேன். மழைக்காலத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைக்கிறேன். திரும்பத் திரும்ப அதையே போடுவதைப் பார்த்து உடன் வேலை செய்கிற பெண்கள் கேட்கிறார்கள். சொல்லச் சொல்ல, அவர்களும் தங்கள் வீட்டுப் பீரோவிலிருந்து எதையாவது எடுத்துவருகிறார்கள். ஒருத்தி அத்தையின் கண்டாங்கியைக் கொண்டுவந்தாள். காரைக்குடிப் பக்கத்துத் தடித்த நூல், அகலமான கரை. அவள் அதை வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்து, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, முழுக்கைச் சட்டையோடு உடுத்தி வந்த அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது.

ஆனாலும் ஏக்கம் தீரவில்லை. நான் செய்வதெல்லாம் பழையதை எடுத்து மாற்றுவது. அம்மா செய்தது, மாறப்போவதை முன்பே அறிந்து தைப்பது. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அவளுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறாள். தம்பி வீட்டில் மிஷின் மூடி வைத்தபடி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றது ஓரம் அடிப்பதும் பொத்தான் தைப்பதும் டக் பிடிப்பதும்தான். ஒரு துணியைப் பார்த்ததும் அதன் மூன்றாவது உருவத்தைக் காண்கிற கண் எனக்கு வாய்க்கவில்லை. அது ஒரே நாளில் வருவதல்ல. பிள்ளைகளின் உயரத்தையும், வீட்டின் வரவையும், பஞ்சின் குணத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு வந்த கண் அது.

அதன் ஒரு பகுதியையாவது அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன். அம்மா துணிக்கடையில் விலை கேட்பதற்கு முன் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பாள். சாயம் நிற்குமா, பன்னா அகலம் எவ்வளவு என்று கேட்பாள். கடைசியாக என்னிடம் திரும்பி, "இது பின்னாடி எதுக்காகும்?" என்பாள். பதில் சொல்ல முடிந்தால்தான் அந்தத் துணி வீட்டுக்கு வரும். இப்போது என் மகளோடு கடைக்குப் போகும்போது நானும் அதையே கேட்கிறேன். முதலில் அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஒரு செட்டிநாட்டுப் பருத்திச் சேலையைக் கையில் எடுத்தவள், தானாகவே சொன்னாள்: "அஞ்சு வருஷம் கட்டிக்கம்மா. அப்புறம் எனக்குப் பாவாடை. இந்தக் கட்டம் மட்டும் என் ரூமுக்குத் திரைச்சீலை." வாங்கிவிட்டோம்.