கிரகணமும் நம்ம ஊர் புஸ்வாணமும்



முழுச் சூரிய கிரகணப் படங்களை அனுப்பி, "சார், இது எடிட் பண்ணதுதானே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம். ஆனால் எடிட் எல்லாம் பொய் ஆகிவிடாது.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. புஸ்வாணத்தைப் படமெடுத்துப் பாருங்கள். ஓரப் பொறிகள் தெரிந்தால் நடு வெளிறிப்போகும். நடு தெளிந்தால் பொறிகள் மறையும். சூரியனின் கரோனாவும் அப்படித்தான். உள்ளே பிரகாசம், வெளியே மங்கல். ஒரே படத்தில் அடங்காது. அதனால் வெவ்வேறு ஒளியளவில் பல படங்கள் எடுத்து இணைக்கிறார்கள்.

1871 டிசம்பர் 12 முழு கிரகணத்தை ஊட்டி தொட்டபெட்டாவில் கர்னல் டென்னன்ட் குழு படமெடுத்தது. அவற்றையும் கேரளத்துப் பேக்கலில் எடுத்த படங்களையும் வைத்து, வெஸ்லி என்பவர் கரோனாவைக் கையால் வரைந்தார். அன்றைய எடிட்டிங் அது! இருந்ததைத் தெரியவைத்தால் அறிவியல். இல்லாததைச் சேர்த்தால்தான் பொய்.

2010 மாட்டுப் பொங்கலன்று வளைய கிரகணத்தை ஊசித்துளை அட்டையில் உங்களுக்குக் காட்டினேனே, அதே எச்சரிக்கைதான் இப்போதும். 2027 ஆகஸ்ட் 2 மாலை நமக்குப் பகுதி கிரகணமே. சூரிய வடிகட்டி இல்லாமல் கண்ணோ கேமராவோ ஒரு நொடிகூட சூரியன் பக்கம் போகக் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். படம் எடுத்தால் எனக்கு அனுப்புங்கள்.