காப்பாளர் கையொப்பம்

அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே சித்தி கேட்டுவிட்டாள்: "இனி இவள யாரு பாப்பா?" இவள் என்பது என் அக்கா. நாற்பத்தாறு வயது; பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தோவாளையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுவாள். எண்ணத் தெரியாது, ஆனால் ஒரு கண்ணி தளர்ந்தால் சரம் முழுவதையும் பிரித்துவிடுவாள். சித்தி கேட்டது என்னைப் பார்த்துத்தான். அண்ணன்மார் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

கல்லூரி வேலையோடு ஒரு வருடம் பார்த்தேன். முடியவில்லை. இல்லத்தில் சேர்க்கப் போனால் காப்பாளர் சான்று கேட்டார்கள். பதினெட்டு வயது தாண்டினால் பெற்ற தாய்கூடத் தானாகவே காப்பாளராகிவிட முடியாது என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர்க் குழுதான் காப்பாளரை நியமிக்கும். அண்ணன்மார் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரே நாளில் எழுதி அனுப்பினார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் வேறெதிலும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

குழுவின் முன் அக்காவிடம், "தங்கச்சி உங்கள பாத்துக்கிடட்டா?" என்று கேட்டார்கள். "பூ எடுக்கப் போணும்" என்றாள். சான்று கிடைத்தது.

கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' வகுப்பில் நடத்துகிறவள் நான். காரணவரின் ஐந்தாம் மனைவி பேசும் நூல் அது. குடும்பச் சொத்தெல்லாம் காரணவர் கையில். கணக்குக் கேட்க எவருக்கும் வாய் கிடையாது. அந்த வகையில் புதிய சட்டம் மேல். காப்பாளர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவு காட்ட வேண்டும். அக்காவின் அஞ்சலகச் சேமிப்புக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அவள் எதற்கெல்லாம் வேண்டாம் என்றாள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சான்றோடு போன முதல் இல்லத்தில், "கர்ப்பப்பை எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். ஆதார் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல். எடுத்துவிட்டு வந்தால் மாதாமாதம் தொல்லை இல்லையாம், பாதுகாப்பும்கூடவாம். "காப்பாளர் நீங்கதான, உங்க கையெழுத்து போதும்."

போதாது. மாற்றுத்திறனாளியின் சம்மதமின்றி மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. இது சும்மா வந்துவிடவில்லை. 1994இல் புனே சசூன் மருத்துவமனையில் அரசு இல்லத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை அகற்றியபோது பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. சண்டிகர் அரசு இல்லத்தில் வன்புணர்வால் கருவுற்ற அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் வழக்கில், அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு என்கிறார்களே, கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, அவ்வளவுதான். கை வைப்பவன் வரத்தான் செய்வான். வந்தது மட்டும் வெளியே தெரியாது.

இதையெல்லாம் அங்கே நான் பேசவில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் அக்காவின் துணிகளை நான்தான் அலசினேன். கிணற்றடியில் ஒரு விடியற்காலை எனக்கும் அதே எண்ணம் வந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டும் பார்த்திருக்கிறேன். அதனால் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் எழுந்து வந்தேன்.

வேறு இடம் கிடைக்க ஏழு மாதம் ஆனது. மார்த்தாண்டத்துக்கு அப்பால், சின்ன இல்லம். சேர்ப்பதற்கு முன் மூன்று முறை கூட்டிப்போனேன். மூன்றாம் முறை ஜன்னலோரக் கட்டிலில் தானே போய் உட்கார்ந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சரியா என்று இன்றும் தெரியாது.

ஞாயிறுதோறும் உதிரிப் பிச்சியும் நாரும் கொண்டு வடசேரியில் பஸ் ஏறுகிறேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் வேண்டாம் என்றவற்றைக் குறித்துவருகிறேன். ரசம். முடி வெட்டுவது. இரவில் கதவு சாத்துவது. முடியை வெட்டாமல் இருக்கச் சம்மதித்துவிட்டார்கள். கதவுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "ஏட்டி, வா போவோம்" என்றாள். அதையும் எழுதியிருக்கிறேன்.