விளையாடவும் வேணும், திறந்து பார்க்கவும் வேணும்

சேரிப் புள்ளைங்க விளையாடுறதைப் பத்தி எழுத வந்தா, "இது ஒரு பிரச்சினையா தோழர்?" என்று கேட்கிறவர்கள் நம் அணியிலேயே இருக்கிறார்கள். நிலம் இருக்கு, கூலி இருக்கு, வன்கொடுமை வழக்கு இருக்கு, மலக்குழிச் சாவு இருக்கு. இதுக்கு நடுவுல கம்ப்யூட்டர் கேமா? நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் கேள்விக்குள்ள வேற ஒன்னும் ஒளிஞ்சிருக்கு. நம்ம புள்ளை கையில ஒரு பொருள் கிடைச்சா அது உடனே பயன்படணும், வேலை வாங்கித் தரணும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும். ஊர்த்தெருப் பையன் சும்மா விளையாடலாம். நம்ம பையன் விளையாடினா அது வீண். உழைக்கிறதுக்குன்னே பொறந்த உடம்பு என்று நம்மைப் பார்த்து மத்தவன் சொன்னதை, நாமே நம்ம புள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சேக்காடு, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவுல இருக்கு. டாங்கி செய்யிற கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் ஆவடிக்கு வந்தது. அதோட மதில் சுவரைப் பார்த்தபடியே இந்தப் பக்கத்து மூணு தலைமுறை வளர்ந்திருக்கு. சுவருக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியில இருக்கிறவனுக்குத் தெரியாது. அது ராணுவ ரகசியம், போகட்டும். ஆனா வீட்டுக்குள்ள, மடியில வச்சிருக்கிற கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு சுவர் இருக்குன்னு எங்களுக்கு 2012இல்தான் தெரிஞ்சது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 9 லட்சம் மாணவர்களுக்கு மேல் கொடுப்பதாக அறிவிப்பு. மறு வருஷம் பிளஸ் டூ படிச்ச எங்க அக்கா மகனுக்கும் ஒன்னு வந்தது. எங்க தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். மிக்சி, கிரைண்டர், லேப்டாப் எல்லாத்தையும் சேர்த்து "ஓசி"ன்னு அப்போ எவ்வளவு பேர் எழுதினாங்க, ஞாபகம் இருக்கா? அவங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு அப்பனே கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். அதுக்குப் பேரு ஓசி இல்லையாம்.

அந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்னு விண்டோஸ். இன்னொன்னு பாஸ் லினக்ஸ். பிற்பாடு வந்த சிலதுல பாஸ் மட்டுமே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை எடுத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து உருவாக்கியது அது. பேரைப் பாருங்க: 'பாஸ்'. யாரும் யாருக்கும் முதலாளி இல்லைன்னு சொல்ற மென்பொருளுக்கு முதலாளின்னு பேர் வச்சிருக்காங்க.

தமிழக அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸ் வந்த கதையில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் உண்டு. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றியவர் அவர். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கம்பெனிக்கு உரிமக் கட்டணம் அழ வேண்டியதில்லை என்று செய்து காட்டியவர். அவர் ஒரு தலித். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழைச் சந்தேகப்பட்டு அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு சில வாரங்களில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றிக் காட்டியவனிடமும் கடைசியில் கேட்கப்பட்டது சாதிச் சான்றிதழ்தான். லினக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சேர்த்துப் பேசுவதில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

அப்போ பசங்க பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்குக்குத் துட்டு கொடுத்து 'வைஸ் சிட்டி'யும் 'கவுண்டர் ஸ்ட்ரைக்'கும் ஆடிக்கிட்டிருந்தானுங்க. பொம்பளப் புள்ளைங்க அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. லேப்டாப் வீட்டுக்கே வந்ததும் எங்க அக்கா மகன் பென் டிரைவ்ல கேமை ஏத்திக்கிட்டு வந்தான். விண்டோஸ் பக்கம் ஏற்கெனவே வைரஸ் ஏறிப் படுத்துக்கிச்சு. பாஸ் பக்கம் வந்து தட்டினா திறக்கல. "மாமா, இது உதவாத லேப்டாப்பு மாமா"ன்னான். கடைக்காரர் ஒருத்தர், "அதை அழிச்சுட்டு திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றேன், ஐநூறு ரூபா கொடு"ன்னார். தமிழ்நாடு முழுக்க அன்னைக்கு இதேதான் நடந்தது. கூலிக்காரன் வீட்டு ஐநூறு ரூபா, கைக்கு வந்த சுதந்திரத்தை அழிக்கிறதுக்குச் செலவாச்சு. புள்ளைங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். கொடுத்தவங்க அது என்னன்னு சொல்லிக் கொடுக்கல. அதுல ஒரு நல்ல விளையாட்டைக்கூடக் காட்டல.

எங்க வீட்டுல ஐநூறு ரூபா இல்லை. அதனாலதான் 'வைன்' எங்களுக்குத் தெரிய வந்தது. 1993இல் தொடங்கின மென்பொருள் அது. ஒரு விண்டோஸ் கேம், "படத்தைத் திரையில போடு, சத்தத்தை எழுப்பு"ன்னு விண்டோஸ் பாஷையில கேக்கும். வைன் நடுவுல உக்காந்து அதை லினக்ஸுக்குப் புரியுற பாஷையில சொல்லும். அந்தக் காலத்து மதராசப்பட்டணத்துல துபாஷி செஞ்ச வேலை. அதுல வைஸ் சிட்டி ஓடிச்சு. 2 ஜிபி நினைவகத்துல திக்கித் திக்கித்தான் ஓடிச்சு, ஓடிச்சு. அந்த வருஷத்து மின்வெட்டுக்கு நடுவுல, பேட்டரி இருக்கிறவரைக்கும், தெருவுல பாதிப் புள்ளைங்க எங்க திண்ணையில. அக்கா மகளும் ஆடினா. வீட்டுக்குள்ள இருந்ததால ஆட முடிஞ்சது.

வைஸ் சிட்டியைப் பத்தி ஒன்னு சொல்லணும். 2002இல் வந்த அந்த ஆட்டத்துல ஹைத்திக்காரர்களைக் கொல்லச் சொல்லி ஒரு கட்டளை வரும். 1804இல் அடிமைகளே எழுந்து வெள்ளைக்காரனைத் துரத்தி அமைச்ச கறுப்புக் குடியரசு ஹைத்தி. அமெரிக்காவுல இருக்கிற ஹைத்தி மக்கள் 2003இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கம்பெனி அந்த வசனத்தை எடுக்கிறதா ஒத்துக்கிச்சு. எங்க புள்ளைங்க ஆடினது பழைய பிரதி. ஒரு அடிமைச் சாதியின் புள்ளை, இன்னொரு அடிமை இனத்தைச் சுட்டுப் பழகுது. அவங்க யாருன்னே அதுக்குத் தெரியாது. யாரைச் சுடணும், யார் கெட்டவன்னு ஆட்டத்தை எழுதினவன் முடிவு பண்றான். நம்ம கையில இருக்கிறது சாவிப்பலகை மட்டும்.

அந்த ஆட்டத்தை உள்ளே திறந்து மாத்த முடியாது. அதோட மூலநிரலைக் கம்பெனி பூட்டி வச்சிருக்கு. ரசிகர்கள் சிலர் வருஷக்கணக்கில் உழைத்து, ஓடுற ஆட்டத்தைப் பிரிச்சுப் பார்த்து, அதே மாதிரி ஓடக்கூடிய நிரலைத் தாங்களே எழுதி, லினக்ஸிலும் ஓடுகிற மாதிரி வெளியிட்டார்கள். 2021 பிப்ரவரியில் கம்பெனி அதை நீக்க வைத்தது. அதே ஆண்டு வழக்கும் போட்டது. கேட்டதுக்கே காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்ன கௌதம தர்மசூத்திரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆட்டத்தை விலைக்கு வாங்கினவனும் ஆடலாம், பார்க்கக் கூடாது.

எல்லாரும் அப்படி இல்லை. 'டூம்' என்ற ஆட்டத்தைச் செய்த இட் சாப்ட்வேர், 1997 டிசம்பரில் அதன் மூலநிரலை உலகத்துக்கே கொடுத்தது. கொடுத்தது எந்தப் பிரதி தெரியுமா? லினக்ஸ் பிரதி. டாஸ் பிரதியில் வேறொருவருக்குச் சொந்தமான சத்த நிரல் கலந்திருந்ததால் அதைக் கொடுக்க முடியவில்லை. 1994லேயே டூமை லினக்ஸுக்குப் பெயர்த்து வைத்திருந்தார்கள், அதுதான் விடுதலையானது. 1999இல் அதை ஜி.பி.எல். உரிமத்தில் வைத்தார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதைப் பகிர்ந்தால் அதையும் திறந்தே பகிர வேண்டும். பிறகு அது ஓடாத இடமே இல்லை.

ஒரு ஆட்டத்தை ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போவதை 'போர்ட்' பண்றதுன்னு சொல்றாங்க. எங்க அம்மாவுக்கு நான் அதை நடவுன்னுதான் சொன்னேன். நாத்தங்கால்ல புடுங்கி வேற வயல்ல நடுறது. மண்ணு மாறும், தண்ணி மாறும், வேரு பிடிக்கணும். லோக்கி என்ற கம்பெனி 1998 முதல் விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் நட்டு விற்றது, 2002இல் மூடிவிட்டது. ஆனால் அங்கே வேலை செய்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்ற கருவி இன்றும் எத்தனையோ ஆட்டங்களுக்கு அடித்தளம். 2018இல் வால்வ் கம்பெனி வைனை வைத்து புரோட்டான் கொண்டு வந்த பிறகு, ஆயிரக்கணக்கான விண்டோஸ் ஆட்டங்கள் லினக்ஸில் ஓடுகின்றன. நல்லதுதான். ஆனால் ஓடுவது வேறு, திறப்பது வேறு. இன்றைக்கு நம்ம பசங்க கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். அவனுங்க ஆடின 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் ஒரு அரசாணையில் காணாமல் போனது. பேரில் ஃப்ரீ இருந்தது.

இங்கேதான் நான் மகாத் குளத்தைச் சொல்ல வேண்டும். பொதுக்குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இல் நிறைவேறியது. மகாத் நகரசபை 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. ஒருவரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் குடித்தபோதுதான் உரிமை கைக்கு வந்தது. அதற்கும் அடி விழுந்தது; குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

ஜி.பி.எல். ஒரு போலே தீர்மானம். யாரும் வரலாம் என்று எழுதியிருக்கு. ஆனா வருவதற்கு இங்கிலீஷ் வேணும், கரண்ட் வேணும், வேலைக்குப் போகாத சாயங்காலம் வேணும், சொல்லித் தர ஒரு ஆள் வேணும். இதெல்லாம் யார்கிட்ட இருக்கு? கட்டற்ற மென்பொருள் பேசுகிற நண்பர்கள், "கதவு திறந்துதானே இருக்கு, ஏன் உங்க ஆளுங்க வரலை?" என்று கேட்கும்போது, மகாத்தில் 1924க்கும் 1927க்கும் நடுவில் நடந்ததை அவர்கள் படிக்க வேண்டும். படித்தவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அங்கே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் புள்ளைங்க கிம்ப்பில் படம் வரைந்தார்கள். போனார்கள், அதனால் நடந்தது.

எங்க பகுதியில் நடக்கிற மாலை வகுப்புக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட வழி விளையாட்டு. வீடுகளில் பரண் மேல் கிடந்த பழைய அரசு லேப்டாப்புகளைத் தேடி எடுத்தோம். பேட்டரி செத்திருக்கும், கரண்டில் சொருகினால் ஓடும். அதில் டெபியன் போட்டு 'ஃப்ரீடூம்' ஏற்றினோம். டூமின் நிரல் திறந்தது, ஆனால் படங்களும் சத்தங்களும் கம்பெனிக்குச் சொந்தம். அதனால் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து படம், சத்தம், களம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து பொதுவில் வைத்தது ஃப்ரீடூம். பழைய மெஷினில் தடங்கல் இல்லாமல் ஓடும். முதல் வாரம் எல்லாரும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ரெண்டாம் வாரம் களம் வரையும் கருவியைத் திறந்து காட்டினோம். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கோடு போட்டால் அது சுவர். மூடிய கோட்டுக்குள் இருப்பது அறை. தரை உயரத்தை மாற்றினால் படிக்கட்டு.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு சேக்காட்டையே வரைஞ்சுட்டா. ரயில் பாதை, சுரங்கப்பாதை, ஏரி, அதுக்கு அப்பால் நீளமா ஒரு மதில். ஆட்டத்தோட எழுத்துருவுல தமிழ் இல்லை. அதனால ஊர்ப் பேரைக் கிம்ப்பில் படமா எழுதி, சுவர் மேல ஓட்டினா. ஆட்டத்துக்கு இருக்கிறது மொத்தம் 256 நிறம்தான். அதுல சரியான நீலத்தைத் தேடியே ஒரு சாயங்காலம் போச்சு. அந்த நீலம் அம்பேத்கர் சிலையோட கோட்டுக்கு. தமிழ்நாட்டில் எத்தனை ஊர்ல சிலையைக் கூண்டுக்குள்ள வச்சிருக்காங்க! இவ களத்துல கூண்டு இல்லை. "ஏம்மா கூண்டு போடலை?"ன்னு கேட்டேன். "நான்தானே ண்ணா வரையிறேன்"னா.

எதிரிகளை எங்கே நிறுத்துறதுன்னு கேட்டபோது புள்ளைங்களுக்குள்ள பெரிய சண்டை. யாரைச் சுடணும், ஏன் சுடணும், சுடாமல் மதிலைத் தாண்ட வழி வைக்கலாமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வைஸ் சிட்டி ஆடினவனுக்குக் கிடைக்காத பேச்சு அது.

2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். எங்க மொட்டை மாடியில ஏறினா அது தெரியும். இனி அதன் வாசலில் காவலுக்கும், உள்ளே தரை துடைக்கவும் எங்க ஆளுங்களைக் கூப்பிடுவார்கள். அதுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே நிரல் எழுத யாரைக் கூப்பிடுவார்கள் என்பதுதான் கேள்வி. இட ஒதுக்கீடு இல்லாத தனியார் கம்பெனிகள் உட்காருகிற கட்டடம் அது. ஒரு களம் வரைஞ்ச பொண்ணு நாளைக்கே அங்கே போய்விடுவாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு மெஷினுக்குள் இருப்பதெல்லாம் யாரோ ஒரு மனுஷன் எழுதினது, அதைத் தன்னாலும் மாற்றி எழுத முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரும் அவகிட்டேருந்து அழிச்சு ஃபார்மேட் பண்ண முடியாது.

ஒவ்வொரு சேரியிலும் மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள் இதைச் செய்யலாம். பெரிய செலவு இல்லை. எங்ககிட்ட ஆறு மெஷின்தான் இருக்கு, புள்ளைங்க இருபத்திரண்டு பேர். பரண்ல பழைய அரசு லேப்டாப் கிடந்தா எடுத்துக்கிட்டு வாங்க. சார்ஜரையும் மறக்காம கொண்டு வாங்க.