ஒன்றுக்கு இணை அறுபத்து நான்கு

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அக்காவின் மகன். பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு மலர் தயாரிக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்திருக்கிறது. "மாமா, பக்கமெல்லாம் இன்டிசைனில போட்டு முடிச்சிட்டன். இனி இம்பொசிஷன்தான் மிச்சம். எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்டான்.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. "புத்தகம் தையலோ, பின்னோ?" என்று திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் சற்று மௌனம். "அது இன்னும் முடிவெடுக்கேல்லை மாமா" என்றான். அந்த மௌனத்தை நான் அறிவேன். 2004இல் அதே கேள்விக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

இம்பொசிஷன் என்றதும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரே வரியை நூறு தடவை எழுதவைக்கும் பள்ளிக்கூடத் தண்டனை நினைவுக்கு வரக்கூடும். அச்சுத்தொழிலில் அதன் பொருள் வேறு. தாளை மடித்து வெட்டியபின் பக்கங்கள் ஒழுங்காக வரும்படி, அச்சிடும்போதே அவற்றை ஒழுங்கு மாற்றி அடுக்குவதே அது. ஒரு பெரிய தாளை மாறி மாறிக் குறுக்கே மூன்று முறை மடியுங்கள். 16 பக்கங்கள் கிடைக்கும். ஓரங்களை விலக்கி வரிசையாக எண்ணிட்டபின் தாளை விரித்தால், 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகியவை ஒரு முகத்திலும் ஏனையவை மறு முகத்திலும் இருக்கும். பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். முதுகு மடிப்பின் இரு புறமும் உள்ளவற்றைப் பாருங்கள்: 1க்கு 16, 4க்கு 13, 5க்கு 12, 8க்கு 9. எந்த இணையைக் கூட்டினாலும் 17. ஈய எழுத்துக் காலத்தில் இந்த வரைபடம் கம்பொசிற்றர்களின் தலைக்குள் இருந்தது. 16 பக்கங்கொண்ட இந்த மடிப்பைப் பாரம் என்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் சில பக்கங்களின் அடியில் காணப்படும் தனிச் சிறு எண், பைண்டருக்காக இடப்பட்ட பார எண்ணே ஆகும்.

பத்திரிகைக் காரியாலயத்தில் இந்தக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். 24 பக்கப் பத்திரிகையில் கூட்டுத்தொகை 25. முதற்பக்கத்துக்கு வண்ணம் கொடுத்தால் கடைசிப் பக்கத்துக்கும் செலவின்றி வண்ணம் கிடைக்கும். மூன்றாம் பக்கத்துக்கு வண்ண விளம்பரம் பிடித்துக்கொண்டு வந்த விளம்பரப் பிரிவினரிடம், அது 22ஆம் பக்கத்தின் கூட்டாளி என்பதை எத்தனை தடவை விளக்கியிருப்போம்! மரண அறிவித்தல்கள் குவிந்து, மாலை ஆறு மணிக்கு மேல் 24 பக்கம் 28 ஆகும் நாட்களும் உண்டு. அப்போது எல்லா இணைகளும் மாறிவிடும்; 22ஐ விட்டு 26உடன் போய்ச் சேர்ந்துவிடும் மூன்றாம் பக்கம். அவ்வாறான நாட்கள் எங்கள் தொழிலில் அதிகம்.

இந்தப் பழக்கமே பின்னர் என்னை ஏமாற்றியது. பத்திரிகையில் எல்லாத் தாள்களும் ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்படுகின்றன. தைப்பதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. ஆகவே முதற்பக்கத்துக்கு இணை எப்போதும் கடைசிப் பக்கமே. எல்லா அச்சுக்கும் இதுதான் விதி என்று பதினைந்து வருடங்களாக நம்பியிருந்தேன்.

2004இல் அம்மா கொழும்பில் காலமானார். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று நினைவு மலர் கொடுப்பது எங்கள் வழமை. கல்வெட்டு என்றும் சொல்வோம். பாதை திறந்திருந்த காலம்; புத்தகக் கட்டுகளைப் பஸ்ஸில் கொண்டுபோகலாம். முதுகில் அம்மாவின் பெயர் தெரியும்படி நூலால் தைத்த புத்தகமாக வேண்டும் என்றார் பெரியண்ணர். 64 பக்கம், 500 பிரதி. பக்கங்களை நானே பேஜ்மேக்கரில் அமைத்தேன்.

அந்த மென்பொருளில் 'பில்ட் புக்லெட்' என்று ஒரு வசதி இருந்தது. நடுவில் பின் அடிக்கும் முறை, பாரம் பாரமாகச் சேர்க்கும் முறை என இரண்டும் அதில் உண்டு. நான் வாசிக்கவில்லை. பட்டியலில் முதலில் நின்றதை அழுத்தினேன். அது பின் அடிக்கும் முறை. ஒன்றுக்கு இணை 64, இரண்டுக்கு இணை 63, கூட்டினால் 65. பத்திரிகைக்காரனின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றின. லேசர் பிரின்ரரில் டிரேசிங் தாளில் எடுத்து, ஒரு சிறிய அச்சகத்தில் கொடுத்துவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை அச்சக மேற்பார்வையாளரான முதியவர் என்னைக் கண்டதும், "தம்பி, இது தையலோ, பின்னோ?" என்றார். தையல் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கழிவுத் தாள்களை எடுத்து மடித்து, நான்கு சிறு பாரங்கள் செய்து எண்ணிட்டு என் கையில் தந்தார். முதற்பாரத்தில் கூட்டுத்தொகை 17, இரண்டாவதில் 49, பின்னர் 81, 113. ஒன்றுக்கு இணை 16. அதற்குள் பாதித் தாள்கள் அச்சாகியிருந்தன. அந்தியேட்டிக்கு நான்கு நாட்கள் இருந்தன. பிழை முழுவதும் என்னுடையது. மறுபடியும் தாள் வாங்க வழியில்லை. பின் அடித்தே முடிப்பது என்று தீர்மானித்தோம். பெரியண்ணர் நெடுநாள் என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அத்துடன் முடியவில்லை. 16 தாள்களை ஒன்றினுள் ஒன்றாகச் செருகினால், தாளின் தடிப்புக் காரணமாக உட்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நாம் பாவித்த தாளில் நடுப்பக்கங்கள் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் வெளியே வந்தன. வெட்டும் கத்தி எல்லாவற்றையும் ஒரே நேராக வெட்டும். ஆகவே உட்பக்கங்களின் ஓரம் போய்விடும். இதை ஈடுசெய்து உட்பக்கங்களைச் சிறிது சிறிதாக முதுகுப் பக்கம் நகர்த்த அதே மென்பொருளில் ஒரு சிறு கட்டம் இருந்தது. அதையும் நான் தொடவில்லை.

நடுப்பக்கமான 33இல் அம்மாவின் கையெழுத்து இருந்தது. 1992இல், நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதம். காகிதம் அரிதாயிருந்த காலம். ஒற்றைக் கொப்பித் தாளில் ஓரம் விடாமல் எழுதியிருந்தார். எழுத்தைச் சிறுப்பிக்க மனமின்றி, நானும் பக்கத்தின் விளிம்புவரை அதை வைத்திருந்தேன். 500 பிரதிகளிலும் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்துகள் வெட்டுண்டு போயின. மூலக் கடிதம் பின்னர் வீடு மாறும்போது என் கையாலேயே தொலைந்தது. ஸ்கான் செய்த கோப்பு ஒரு சிப் டிஸ்கில் இருக்கிறது. அதைத் திறக்கும் கருவி இப்போது என்னிடம் இல்லை.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு மாத்திரம் பதில் சொன்னேன். வீட்டுப் பிரின்ரரில் ஐம்பது பிரதி எடுப்பதானால் அக்ரோபற் ரீடரில் உள்ள புக்லெட் வசதியே போதும், அது இலவசம். இன்டிசைனில் 2007 முதல் புக்லெட் அச்சிடும் வசதி உண்டு. ஆனால் அது 16 பக்கப் பாரத்தை ஒரே தாளில் அமைக்காது. பெரிய தாளுக்கு அக்ரோபற்றுடன் இயங்கும் குவைற் இம்போசிங் போன்றவை வேண்டும். அச்சகங்கள் கொடாக்கின் பிரெப்ஸ் போன்றவற்றை வைத்திருக்கும். லினக்ஸ் பழகியவர்களுக்கு பிஎஸ்புக் என்ற சிறு கட்டளை உண்டு; பாரத்துக்கு எத்தனை பக்கம் என்பதை அதற்கு நாமே சொல்லவேண்டும். எதைப் பாவித்தாலும் பிடிஎவ் ஆக்கியபின், கடைசி வேலையாகச் செய்வதே நன்று. பேஜ்மேக்கர் இணைகளை ஒரு புதிய கோப்பாகவே எழுதியதால், அதன்பின் கண்ட எழுத்துப்பிழை ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் திருத்தம் கேட்டது. பாமினி போன்ற எழுத்துருக்களைப் பிடிஎவ்வினுள் சேர்க்காது விட்டால், அச்சகக் கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

என் சொந்த அபிப்பிராயம், அச்சகத்தில் அச்சிடுவதானால் நாம் இம்பொசிஷனில் கைவைக்காமல் தனித்தனிப் பக்கங்களாகவே கொடுக்கவேண்டும் என்பது. இயந்திரத்தின் தாள் அளவும் மடிப்பும் அவர்களுக்குத்தான் தெரியும். கட்டு முறையையும் தாளின் தடிப்பையும் முன்னரே பேசி, அந்தத் தாளிலேயே ஒரு டம்மி மடித்துப் பார்க்கவேண்டும். "முதலில் ஒரு தாளை மடி" என்றேன் மருமகனிடம்.

ஒரு வாரத்தின்பின் மடித்த டம்மியின் படத்தை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "அம்மாட்ட இருக்கிற அம்மம்மாவின்ர புத்தகத்தில 33ஆம் பக்க ஓரத்தில பேனையால எழுதியிருக்கு. ஏன் மாமா?" அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

வெட்டுண்ட எழுத்துகளை அக்கா நீல மையால் இட்டு நிரப்பியிருந்தார். அம்மாவின் சாய்வெழுத்து மாதிரியே. ஒன்பதாம் வரியின் ஓரத்தை மாத்திரம் வெறுமையாக விட்டிருந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு 'நீ வர' என்பதோடு அந்த வரி நிற்கிறது. அடுத்த வரி 'ம்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. வரலாம் என்று எழுதினாரா, வரவேணும் என்று எழுதினாரா? எத்தனையோ தடவை படித்த கடிதம். அந்தச் சொல் நினைவில் இல்லை. அந்த வருடம் நான் போகவில்லை.