கறள்

பழைய கார் ஒன்றை வாங்கித் திருத்த நினைப்பவர்கள் முதலில் பொனற்றைத்தான் திறப்பார்கள். எஞ்சின் பிடிக்கிறதா, புகை என்ன நிறம், சத்தம் எப்படி என்று பார்ப்பார்கள். மொறிஸ் மைனரைப் பொறுத்தவரை இது தலைகீழ் வரிசை. அதன் ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக வந்தது. பிறகு மைனரிலும் மினியிலும் ஓடியது. பழைய மினியின் தயாரிப்பு 2000ஆம் ஆண்டு நிற்கும்வரை அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் வந்துகொண்டே இருந்தன. அதற்கு உதிரிப்பாகம் இன்றைக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இன்னொரு எஞ்சினையே வாங்கி இறக்கலாம். பணத்தை விழுங்குவது தகடு. மைனருக்குத் தனியாகச் சஸி கிடையாது, உடம்பும் சஸியும் ஒன்றுதான். அடித்தகட்டைக் கறள் தின்றுவிட்டால் மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது கார் இல்லை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சித்தப்பா. மொறிஸ் மைனர் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட 1948இல்தான் அவரும் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஹயர் கார் ஓடியவர். மொன்றியலுக்கு வந்த பிறகு செயின்ட் லோரன்ற் பக்கம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றார். இந்த நாட்டில் அவருடைய கையில் என்ன வித்தை இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கும் சந்தர்ப்பம் வரவில்லை.

போன வருடம் மே மாதம் அவர் என்னை அழைத்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், எங்கள் திருமுருகன் கோயிலுக்கு நாலைந்து தெரு தள்ளி, ஒரு கராஜுக்குள் 1959ஆம் ஆண்டு மைனர் நிற்கிறதாம். விலை 6,500 டொலர். கோயிலில் சந்தித்த ஒருவர் சொன்ன தகவல். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் நான் கூடப் போக வேண்டும். அடுத்த அழைப்பு சித்தியிடமிருந்து வந்தது. "தம்பி, நீ போய்ப் பார். பார்த்திட்டு வேண்டாமெண்டு சொல்லிப்போடு. எழுபத்தாறு வயசிலை இந்த மனிசனுக்கு என்னத்துக்கு இரும்புக் குப்பை? சேர்த்து வைச்ச காசு இருபதினாயிரம்தான். அதிலை ஒருக்கா ஊருக்குப் போய் வரவேணும்."

அதாவது, முடிவை முதலில் எழுதிவிட்டு அறிக்கையைப் பிறகு எழுதச் சொல்கிறார். கணினி ஆலோசகனாக எனக்கு இது பழக்கமான வேண்டுகோள். பழைய மென்பொருளை மதிப்பிடச் சொல்லி நிறுவனங்கள் அழைக்கும்போது, தூக்கி எறிவதா வைத்திருப்பதா என்பதை அநேகமாக ஒருவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். காட்டுவதும் திரையைத்தான். அடியில் யார் எப்போது எதற்காக என்ன ஒட்டுப் போட்டார்கள் என்பதை நாமே குனிந்து பார்க்க வேண்டும். ஆனால் உள்ளூர எனக்குச் சித்திக்கு எதிரான விருப்பம் இருந்தது. அவர் அந்தக் காரை வாங்கவேண்டும் என்று விரும்பினேன். மதிப்பிடப் போகிறவனுக்கு இரண்டு விருப்பமுமே கெடுதி.

யாழ்ப்பாணத்தில் மைனர் என்பது பழம்பொருள் அல்ல. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று ஒரு பிரித்தானியக் கூட்டமே அங்கே கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் ஓடியது. இலக்கத்தகட்டைப் பார்த்து வயதைச் சொல்லலாம். ஆங்கில எழுத்து இருந்தால் 1957க்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் சிங்கள ஸ்ரீ. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியதும், வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதிய வண்டிகள் ஓடியதும், தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டதும், 1958 கலவரமும் நம் பெற்றோரின் தலைமுறைக்கு நினைவிருக்கும். சித்தப்பாவின் கார் ஸ்ரீக்கு முந்தியது. அதை அவர் ஒரு நிலபுலனைப் போலச் சொல்வார்.

பிறகு 1990களின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் பொன்னாகியது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்தான் அதைத் தாங்கும். புதிய யப்பான் கார்கள் கராஜுக்குள் படுத்திருக்க, நாற்பது வருடக் கிழடுகள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடியதற்குக் காரணம் அதுதான். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும். சித்தப்பா ஒயில் கம்பியை இழுத்து, விரலிடையில் உரசி, மணந்து பார்ப்பார். எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழுந்து நடந்தபோது அந்தக் காருக்குள் நாங்கள் பதினொரு பேர். எனக்கு வயது பதினைந்து. செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை நடக்கிறவர்களின் வேகத்தில்தான் கார் போனது. பாலத்துக்கு அங்கால் முன்சில்லு ஒன்று மடங்கிப் படுத்தது. மைனரில் முன்சில்லைத் தாங்குகிற கீழ் மூட்டு ஒரு திருகுப்புரியில் நிற்கிறது. அடிக்கடி கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேயும். தேய்ந்தால் ஒருநாள் சொல்லாமல் கழன்று சில்லு மடங்கிவிடும். அந்த வருடம் கிறீஸுக்கு எங்கே போவது? நடைவேகம் என்பதால் ஒருவருக்கும் காயமில்லை. அப்பாச்சியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு மீதித் தூரம் நடந்தோம். காரைப் பிறகு சித்தப்பா கண்டதில்லை.

டொலார்ட்டில் கதவைத் திறந்தவர் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் பெண்மணி. கணவர் இறந்து இரண்டு மாரி கடந்துவிட்டது. கார் அவர்களுடைய இளமைக்காலத்துக் கார். முதல் பத்து வருடம் எல்லா மாரியிலும் ஓடியதாம், பிறகு கோடையில் மட்டும். இளம் நீலம். கராஜ் விளக்கில் அது உண்மையிலேயே அழகாக இருந்தது. "மாரியிலையும் ஓடினதோ எண்டு இன்னொருக்காக் கேள்" என்றார் சித்தப்பா. கேட்டேன். ஆமாம் என்றார். கியூபெக் வீதிகளில் மாரிக்குக் கொட்டுகிற உப்பு அவருக்குத் தெரியும். வேலைக்குப் போய்வந்த நாலு காரை அது தின்றதைப் பார்த்தவர்.

கொண்டுவந்த பையிலிருந்து ஒரு காந்தம், ஒரு ஸ்குறூ றைவர், ஒரு ரோச், பழைய பெட்ஷீற் ஒன்று எடுத்தார். மட்காட்டின் கீழ்விளிம்பு முழுவதும் காந்தத்தை நகர்த்தினார். சில இடத்தில் ஒட்டியது, சில இடத்தில் வழுக்கி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் தகடு போய்ப் புட்டி வைத்த இடம். "இது பரவாயில்லை. மட்காட் போல்ற் பண்ணினது, கழட்டி மாத்தலாம்." பிறகு கதவைத் திறந்துவைத்து, ஜக் வைக்கிற துவாரத்தில் ஜக்கைப் பூட்டி மெதுவாக உயர்த்தினார். சில்லு நிலத்தை விட்டு எழும்பவில்லை. அதற்கு முன்னமே கதவின் இடைவெளி சுருங்கிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தவில்லை, தூணில் இடித்தது.

அவர் ஒன்றும் பேசாமல் பெட்ஷீற்றை விரித்துக் காருக்குக் கீழே படுத்தார். நானும் படுத்தேன். முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காக ஒரு பெட்டித் தகடு ஓடுகிறது. ஜக்கின் பாரத்தை ஏற்பதும், இரு பக்கத்துப் படித்தகட்டை இணைப்பதும் அதுதான். மேலே கறுப்புத் தார்ப்பூச்சு, பார்வைக்குப் புதிது. ஸ்குறூ றைவரை வைத்து அவர் அழுத்தவில்லை, சாய்த்தார். பிடி வரைக்கும் உள்ளே போனது. பின்பக்கம் போய் ஸ்பிறிங் பிளேற் கொழுவுகிற இடத்தைத் தட்டினார். அங்கே நல்ல தகட்டின் சத்தம் வரவில்லை, நனைந்த காட்போட்டின் சத்தம் வந்தது. பழைய தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத்தகடு வைத்து ஒட்டி, அதன் மேல் தார் அடித்திருந்தார்கள். உள்ளே ஈரம் சிறைப்பட்டு இரண்டையும் தின்றிருந்தது.

எஞ்சினையும் பார்த்தோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அமுக்கம். 948 சிசி, ஒயில் சுத்தம். "எஞ்சின் தங்கம்" என்றார். அந்தப் பெண்மணி அந்தத் தொனியைப் புரிந்துகொண்டு சிரித்தார்.

வாசலில் நின்று கணக்குப் பார்த்தோம். கார் 6,500. தகடுகள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். உடம்பை நேராகப் பிடித்து வைத்து வெட்டி ஒட்ட ஆள் வேண்டும், அவருடைய தோள் இனி அதற்குத் தாங்காது. என்னுடைய மதிப்பில் இருபத்தையாயிரத்துக்குக் குறையாது. வேலை முடிய மூன்று வருடம். சித்தி எழுதித் தந்த முடிவுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. பாதிப் பணம் நான் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "இது திருத்திற கார் இல்லைத் தம்பி. திரும்பச் செய்யிற கார். எனக்குத் திருத்தத்தான் தெரியும்."

அதோடு போயிருக்கலாம். நன்றி, யோசித்துச் சொல்கிறோம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு நான் புறப்பட இருந்தேன். அவர் நகரவில்லை. கண்டதை அந்தப் பெண்மணிக்கு முழுவதும் சொல் என்றார். கணவர் போட்ட ஒட்டாக இருந்தால் மனம் நோகுமே என்று தமிழில் சொன்னேன். "நொந்தா நோகட்டும். இதை ஆரும் பெடியன் வாங்கி, நிறம் நல்லாயிருக்கெண்டு பெண்சாதி பிள்ளையளை ஏத்திக்கொண்டு நாப்பதாம் நெடுஞ்சாலையிலை ஏறினா? அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது நடைவேகம். இவனை ஆர் காப்பாத்திறது?"

சொன்னேன். கீழே படுக்க முடியாத அவருக்குக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் படத்தைப் பார்த்தார். ஒட்டு கணவர் போட்டதில்லை, எங்கோ பணம் கொடுத்துச் செய்வித்தது என்றார். அது அவருக்கு ஆறுதலா, கூடுதல் வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. சித்தப்பா சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன்: எஞ்சின், கியர்ப்பெட்டி, கதவு, கண்ணாடி, பொனற் எல்லாம் நல்லவை, தனித்தனியாக விற்றால் கேட்ட விலையில் பாதிக்கு மேல் வரும், முழுக் காராக விற்றால், ஓடுவதற்கல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மைனரின் பொனற் நடுவே ஒரு அகலப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தயாரிப்புக்கு ஆயத்தமான மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் பிளக்கச் சொல்லி, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த நாலு அங்குலம்தான் பட்டை. பிறக்கும்போதே வெட்டி ஒட்டிய கார் அது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் விற்றது. ஒட்டு என்பதில் குறை இல்லை, எதன்மேல் ஒட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இதே காரை வைத்து இங்கிலாந்தின் பாத் நகரில் சாள்ஸ் வெயார் என்பவர் ஒரு வாதத்தை முன்வைத்தார். பழைய காரைப் பகுதி பகுதியாகப் புதுப்பித்துப் பல பத்து வருடம் வைத்திருப்பது, சில வருடத்துக்கு ஒருமுறை புதுக்கார் வாங்குவதைவிட மலிவு என்பது அவருடைய கணக்கு. 1990களில் அவருடைய கூட்டுமுயற்சியில் தென்னிலங்கையில் மைனரின் தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. ஒரே தீவின் ஒரு முனையில் மைனருக்குத் தகடு தட்டிக்கொண்டிருந்தார்கள், மறுமுனையில் அதற்குக் கிறீஸ் இல்லை. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. தகடு என்ன கனம் என்று கேட்டார்.

சித்தி இப்போது அடங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் காரை வேண்டாமென்றவர் சித்தப்பாவேதான் என்பதால் அவருக்கும் சண்டைக்கு இடமில்லை. ஊருக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்தவர் புதிய நிபந்தனைகளோடு வந்தார்: மாரியில் ஓடாத கார், பிரிட்டிஷ் கொலம்பியாவாக இருந்தால் நல்லது, எஞ்சின் செத்திருந்தாலும் பரவாயில்லை, மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை. விற்பவர்களிடம் என்ன படம் கேட்கவேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளை, நீலக் கார் ஒன்றின் பளபளப்பான படம் வந்தபோது, விலையைக்கூடப் பார்க்காமல் எழுதிய முதல் வரி, ஜக்கை வைத்து உயர்த்திக் கதவைச் சாத்திக் காட்டுங்கள் என்பது. பதில் இன்னும் வரவில்லை.