புனே: டோல் தூக்கிய பேட்டைகள்

ஆடி பிறந்ததும் புனேயில் முட்டா ஆற்றங்கரையோரம் கொட்டகைகள் முளைக்கின்றன. மாலையானால் ஹிஞ்ஜவடி ஐ.டி. அலுவலகங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஆணும் பெண்ணுமாய் வந்து, பெரிய டோல்களை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தாஷா முன்னே ஓடும். டோல் அதற்குப் பதில் சொல்லும். கணபதி விழாவுக்காகத் தயாராகும் இந்தக் குழுக்களுக்கு 'பதக்' என்று பெயர். நம்மூர் விழாக்களில் இப்போது கேட்கும் நாசிக் டோல் இதற்கு நெருங்கிய உறவு.

டோலின் ஒரு பக்கத்தைக் கையாலும் மறுபக்கத்தை 'டிப்ரு' என்ற குச்சியாலும் அடிப்பார்கள். தாஷா சட்டி வடிவில் சின்னது. இரண்டு மெல்லிய குச்சிகளில் படபடக்கும். தாளக்கட்டுகளை முதல் கை, இரண்டாம் கை என்று எண்ணிச் சொல்வார்கள். மழையில் தோல் நமத்துப் போகும் என்பதால் பலர் பைபருக்கு மாறிவிட்டார்கள். தோலின் கார்வை அதில் வருவதில்லை.

இந்த ஒலிக்குச் சொந்த இடம் பழைய புனேயின் பேட்டைகள்: கஸ்பா, சதாசிவ், நாராயண், சனிவார், புத்வார். 1890களில் திலகர் கணபதி விழாவை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குக் கொண்டுவரப் பெரிதும் உழைத்தது இங்கேதான். கஸ்பா கணபதி, தாம்ப்டி ஜோகேஸ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரிவாடா என்ற ஐந்து கணபதிகளுக்கும் முதல் மரியாதை. சிலைகளைக் கரைக்கும் அனந்த சதுர்த்தசி காலையில் மண்டைச் சந்தையிலிருந்து இந்த வரிசையில் கிளம்பி, லட்சுமி சாலை வழியே அல்கா சதுக்கத்துக்குப் போகிறார்கள். பின்னால் வரும் மற்ற விழாக்குழுக்களான மண்டல்களையும் சேர்த்தால் ஊர்வலம் மறுநாள்வரை நீளும். 2022இல் 30 மணி நேரத்தைத் தாண்டியது.

இவ்வளவு பழைய விழாவில் பதக் புதிய வரவு. முன்பு முல்ஷி, மாவள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டோல், லேஜிம் குழுக்கள் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். பித்தளை வாத்திய பேண்டுகளும் இருந்தன. பேட்டைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். ரமண்பாக் பள்ளி, 1962இல் தொடங்கிய ஞானபிரபோதினி போன்றவற்றின் மாணவர்கள் டோலைத் தாங்களே கட்டிக்கொண்டபோது நிலைமை மாறியது. எனக்கு இதுதான் புனேயின் பெரிய இசைச் செய்தி. பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு நான் ரசிகனாகப் போகலாம், அவ்வளவுதான். பதக்கில் நானும் அடிக்கலாம்.

பறையின் கதை தெரிந்த நமக்கு இதன் எடை புரியும். மராட்டியத்தில் ஹல்கி என்ற தோல் வாத்தியத்தை வாசித்துவந்தவர்கள் பெரும்பாலும் மாங் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். தோல் வாத்தியத்தைத் தள்ளிவைத்த சதாசிவ் பேட்டை வீடுகளின் பெண்பிள்ளைகள் இன்று டோலோடு தெருவில் நிற்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை, அதைத் தலைமுறையாக வாசித்தவர்களுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய முரசைப் புதிய குழுக்கள் கையிலெடுப்பது ஜப்பானிலும் நடந்தது. கோயில் விழாக்களில் ஒலித்த டைகோ முரசுகளைப் பல அளவுகளில் சேர்த்து, பலர் கூடி வாசிக்கும் குழுவாக ஆக்கியவர் நாகானோ மாநிலத்தின் டைஹாச்சி ஒகுச்சி. அவர் முதலில் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். அவருடைய ஒசுவா டைகோ தொடங்கியது 1951இல்தான். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைக்கப்படும் குழுவாசிப்பின் வயது அவ்வளவே. சிங்ககட் சாலையில் ஒகாயாமா நகரின் நட்பைச் சொல்லும் ஜப்பானியத் தோட்டம் வைத்திருக்கும் புனேக்கு இந்த ஒப்புமை அந்நியமானதல்ல.

பதக்குகளின் சத்தம் பற்றிய குறையும் நியாயமானது. ஆற்றங்கரை அடுக்குமாடிகளில் முதியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் வாரக்கணக்கில் பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு குழுவில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது; செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்குத் தடை விதித்தது. தலைகளை எண்ணுவது சரியான வழியாக எனக்குத் தோன்றவில்லை. முப்பது பேர் குறுகிய சந்தில் அடித்தாலும் காது வலிக்கும். பயிற்சி நேரத்தை எட்டு மணியோடு நிறுத்துவதும், குடியிருப்புகளைவிட்டுத் தள்ளி மைதானம் ஒதுக்குவதும் மாநகராட்சியால் முடிகிற காரியங்கள்.