பசிக்கு வராத மீன்

தூண்டிற்காரனை உலகம் ஒருபோதும் பெரிதாக மதித்ததில்லை. வீட்டாருக்கு அவன் வேலையற்றவன், வழிப்போக்கருக்கு வேடிக்கை மனிதன், மீன்களுக்கோ வஞ்சகன். இம்மூன்று பட்டங்களையும் நாம் முப்பது ஆண்டுகளாகச் சுமந்து வருகிறோம். மூன்றாவது பட்டத்தின் பாரம் மட்டும் சென்ற வைகாசியில்தான் தெரிந்தது.

கண்டி நகரின் நடுவே, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைத்த ஏரி இருக்கிறது. அதிலுள்ள மீன்கள் பாக்கியசாலிகள். கரையில் நிற்போர் அவற்றுக்குத் தீன் போடுவார்களேயன்றித் தூண்டில் போடுவதில்லை. ஆகவே எம்போன்றோர் பஸ் ஏறிக் குண்டசாலைப் பக்கம் போய், மகாவலியை அடுத்த வயலோரக் குட்டைகளில் விரால் தேடுவது வழக்கம்.

அந்நாளில் எமது இல்லாள் சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். புண் ஆறுவதற்கு விராலைப் போல வேறொன்றில்லை என்று உறவினர் யாவரும் சொன்னார்கள். சந்தையில் நல்ல விரால் அகப்படவில்லை. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, எமது தூண்டிலுக்கு வீட்டில் ஒரு மரியாதை பிறந்தது.

அதே வாரத்தில் டொரன்டோவிலிருக்கும் மகன் அனுப்பிய சிறு பெட்டியும் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தோம், திகைத்தோம். விரல் நீளமுள்ள குஞ்சு மீன் ஒன்று உள்ளே கிடந்தது. மென்மையான உடல், வெள்ளிச் செதில், செவுளின் சிவப்பு, விழித்த கண். தலைக்குள் ஈயமும் முதுகில் முள்ளும் இல்லாதிருந்தால் பூனையே ஏமாந்திருக்கும். அந்நாட்டு ஏரிகளில் 'கிராப்பி' என்னும் மீனை இதைக் கொண்டு பிடிக்கிறார்களாம். அதன் வாய் காகிதம் போல மெல்லியதாகையால், வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும் என்றும் எழுதியிருந்தான்.

இத்தகைய போலி மீன்களுக்கு ஒரு கதை உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராப்பாலா என்ற மீனவர், கூட்டத்திலே தடுமாறி நீந்தும் சிறுமீனையே பெரிய மீன் தேர்ந்து பாய்கிறது என்பதைக் கண்டார். 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, சொக்கலேட் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்து, காயம்பட்ட மீனைப் போல ஆடியசையும் பொம்மை ஒன்றைச் செய்தார். இரக்கத்துக்குரிய தோற்றத்தையே பொறியாக்கிய அந்தக் கெட்டித்தனத்தை நாம் அன்றுவரை வியந்து பாராட்டியவர்களே.

மழை ஓய்ந்த ஞாயிறு காலை. குட்டையின் ஓரத்தில், புல்லை ஒட்டி, ஒரு பாயளவு நீர் மட்டும் செந்நிறமாகக் கொதிப்பதுபோல் சலசலத்தது. அதன் அருகே விரால் ஒன்று மேலெழுந்து காற்றைக் குடித்துவிட்டுத் தாழ்ந்தது. விரால் நீருக்குள் இருந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தே தீரவேண்டிய மீன். இடம் தெரிந்துவிட்டது. போலி மீனை எறிந்து சிறிது அமிழவிட்டு, ஒரு சுண்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சுண்டு என்று இழுத்தோம். மூன்றாம் சுண்டலில் தண்ணீர் வெடித்தது. விராலின் வாய் காகிதமன்று, பல்லுள்ள பெட்டகம். நெடுநேரம் போராடிக் கரையேற்றியபோது, இரண்டு கிலோவுக்குக் குறையாத மீன் ஈரப் புல்லில் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முதியவர் அருகே வந்தார். மீனைப் பார்த்தார், பிறகு குட்டையைப் பார்த்தார்.

"தம்பி, இது பசிக்கு வந்த மீனில்ல. புள்ளைக்கு வந்த மீன்."

அப்போதுதான் அந்தச் செந்நிறம் என்னவென்று விளங்கிற்று. அவ்வளவும் விரால் குஞ்சுகள். பெரிய விரால் அவற்றுக்குக் காவலாகக் கீழே நிற்கும். அந்நிய மீன் நெருங்கினால் பாயும். எமது அழகிய பொம்மையை அது இரையென்று எண்ணவில்லை. தன் பிள்ளைகளைத் தின்ன வந்த பகையென்றே எண்ணிற்று. காவல் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் மிச்சம் வைக்கமாட்டா என்றார் முதியவர்.

நாம் உடனே மனம் மாறிய உத்தமர் அல்லோம். வீட்டில் காத்திருக்கும் அடுப்பு நினைவுக்கு வந்தது. ஆறாத புண் நினைவுக்கு வந்தது. முதியவர் ஒன்றும் வற்புறுத்தாமல் கத்தரிப் பாத்திக்குத் திரும்பிவிட்டார். அவர் இருந்து வாதாடியிருந்தால் ஒருவேளை மீனோடு வந்திருப்போம்.

கரையிலும் காற்றைச் சுவாசித்து உயிர் தரிக்கும் மீனாதலால் அது இன்னும் திடமாகவே இருந்தது. முள்ளைக் கழற்றி நீரில் விட்டோம். குஞ்சுகள் சிதறியிருந்தன. கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு புல்லோரத்தில் ஒரு குமிழி. அதைச் சுற்றி மெல்ல மெல்லச் செந்நிறம் கூடிற்று. முன்னிருந்த அளவு இல்லை, ஆயினும் கூடிற்று.

வெறுங்கையோடு வீடு வந்து நடந்ததைச் சொன்னோம். இல்லாள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "முருங்கைக்கீரை இருக்கிறது. அதுவும் புண்ணை ஆற்றும்," என்றார். சிறிது பொறுத்து, "டொரன்டோவில் இப்போது மணி என்ன?" என்று கேட்டார்.

அன்றிரவு தொலைபேசியில் மகனிடம் விஷயத்தைக் கூறினோம். கிராப்பியிலும் ஆண் மீன் கூட்டிலிருந்து முட்டைகளைக் காக்கும் என்று அவன் சொன்னான். அவன் தாய் கருவியை எம் கையிலிருந்து வாங்கி, அவன் சாப்பிட்டானா என்று விசாரித்தார்.

தூண்டிலை நாம் இன்னும் விட்டுவிடவில்லை. ஆனால் நீர் சிவந்திருக்கும் இடத்தில் அதை எறிவதில்லை. அந்தப் போலி மீன் இப்பொழுது மேசை மேல் கண் விழித்துக் கிடக்கிறது.